மடியில் ஒரு ஆல்டர்னேட்டர்

பாத்து உக்காருங்க அண்ணாச்சி, முட்டியில இடிச்சிரும். கிரீஸ் வேற இருக்கு, வேட்டி வெள்ளையா கட்டியிருக்கீங்க. நீங்க ஜன்னல் பக்கம் போயிருங்க, நான் இந்தப் பக்கம் இருந்துக்கிடுதேன். கீழ வைங்கன்னு கண்டக்டர் ஏற்கெனவே ஒரு பாட்டம் ஏசிட்டாரு. கீழ எப்பிடி வைக்க? மழைத்தண்ணி பூரா சீட்டுக்கு அடியிலதான் ஓடுது. இதுக்குத் தண்ணி ஆகாது. அதான் மடியிலயே வச்சிருக்கேன்.

என்னன்னுதான பாக்கீங்க? ஆல்டர்னேட்டர். எங்க ஸ்டாண்டுல டைனமோன்னு சொல்லுவோம். காரு ஓடும்போது கரண்டு உண்டாக்குறது இதுதான். பேட்டரி காரை எழுப்பி மட்டும் விடும். எழுந்த பெறவு லைட்டு, வைப்பர், ஏசி, பாட்டு, அம்புட்டும் இவன் தயவு. பேட்டரிக்கே இவன்தான் சாப்பாடு போடணும். இவன் படுத்துட்டான்னா கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணும் தெரியாது, காரு பாட்டுக்கு ஓடிக்கிட்டேதான் இருக்கும். அதான் இவன்கிட்ட உள்ள சள்ளை.

நான் தென்காசியில டாக்சி ஓட்டுதேன். சண்முகவேல்னா யாருக்கும் தெரியாது, ஸ்டாண்டுல வேலுன்னு கேட்டா சொல்லுவாங்க. சொந்த வண்டி. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் லாசருன்னு ஒரு எலக்ட்ரீசியன் இருக்காரு, அவருகிட்டதான் இதைக் கொண்டுபோறேன். இந்த வருசத்துல இது மூணாவது.

எத்தனை வருசம் வரணும்னு கேக்கீங்களா? நல்லாக் கேட்டீங்க. ஏழெட்டு வருசம் இவனைத் திரும்பிப் பாக்க வேண்டாம், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் சாதாரணமா ஓடும்னு லாசரு சொல்லுதாரு. நடுவுல கார்பன் தேயும், பேரிங்கு சத்தம் போடும், அதை மாத்திக்கிடலாம். எங்க ஸ்டாண்டுல பரமசிவம்னு ஒருத்தன் இருக்கான். பானெட்டைத் தொறந்தே பாக்க மாட்டான். வண்டிக்குள்ள உக்காந்தா பீடி வாடையும் புளிச்சோறு வாடையும் கொடலைப் புடுங்கும். அவன் வண்டியில கம்பெனிக்காரன் மாட்டுன ஆல்டர்னேட்டர் இன்னைக்கு வரைக்கும் ஓடுது. எனக்கு மூணாவது. இது நியாயமா? நீங்களே சொல்லுங்க.

நான் பாக்க மாதிரி காரை எவன் பாப்பான்? ஸ்டாண்டுல யாருகிட்ட வேணும்னாலும் கேளுங்க. வெள்ளிக்கிழமை தவறாம வாட்டர் சர்வீஸ். மேல் மட்டும் கழுவுற ஆளு கிடையாது நான். பானெட்டைத் தொறந்து, இஞ்சின் இண்டு இடுக்கெல்லாம் பம்பு வச்சு அடிக்கச் சொல்லுவேன். சோப்பு நுரை போட்டு, மறுபடி தண்ணி அடிச்சு, கடைசியா லேசா டீசலை ஸ்பிரே பண்ணிவிட்டா இஞ்சின் கல்யாணப் பொண்ணு மாதிரி மினுங்கும். அதுல சந்தனம், குங்குமம், சூடம். தண்ணி ஆகாதுன்னீங்களேன்னு கேக்கீங்களா? அது ஒழுகுற தண்ணி அண்ணாச்சி. இது சர்வீஸு. ரெண்டும் ஒண்ணா?

பெல்ட்டு ஒண்ணு இருக்கு, இஞ்சின்ல இருந்து இவனைச் சுத்தி விடுறது. அது தொளதொளன்னு இருந்தா சார்ஜ் ஏறாது. அதனால நான் இறுக்கி வச்சிருவேன். அடுத்தவன் கட்டை விரலை வச்சு அமுக்குனா அமுங்கக் கூடாது, அப்பிடி. இந்த இறுக்கு இறுக்குனா பேரிங்கு என்னத்துக்கு ஆகும்னு லாசரு ஏசுவாரு. இறுக்கிப் பிடிக்காம எது நின்னிருக்கு? எம் மவளை நான் அப்பிடித்தான் வளத்தேன். காலேஜ் வாசல்ல எறக்கிவிட்டு, மணி அடிக்கும்போது வாசல்ல நிப்பேன். ஒரு நாள் பஸ்ல வந்ததில்ல அவ. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் கெக்கேபிக்கேன்னு சிரிச்சுக்கிட்டு பஸ்ல போகும், இவ கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே வருவா. பேரு முத்துவடிவு. வடிவு, வடிவும்போம். ஒத்தப் பிள்ளை.

கட்டிக் குடுத்தது ஆலங்குளத்துல. மாப்ளை கார்த்தீசன், உரக்கடை வச்சிருக்காரு. நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன். என்ன, பேச்சு கம்மி. சம்மந்தக்காரர் வைகுண்டம்னு பேரு, அவருக்கும் சேத்து இவர் பேசுவாரு. அப்பனுக்கு வாய், மவனுக்குக் காது.

அந்த மாப்ளையை நான் ஒரு தரம் டெஸ்ட் பண்ணினேன், கேளுங்க. கல்யாணம் முடிஞ்சு அஞ்சாறு மாசம் இருக்கும். என்னதான் நல்லவனா இருந்தாலும் அவசரத்துக்கு வந்து நிப்பானா மாட்டானான்னு நமக்குத் தெரியணும்லா? நெஞ்சு வலிக்குன்னு போனைப் போட்டேன். கடையில லோடு எறங்கிக்கிட்டு இருந்திருக்கு. அப்பிடியே போட்டுட்டு, வடிவையும் கூட்டிக்கிட்டு வந்து நின்னாரு. நான் ஈசிசேர்ல சாய்ஞ்சு முறுக்கு தின்னுக்கிட்டு இருக்கேன். சும்மாதான் மாப்ள, வருவீங்களான்னு பாத்தேன்னு சொல்லிச் சிரிச்சேன். சந்தோசத்துல சிரிச்சேன், நம்ம பிள்ளைக்கு நல்ல இடம் அமைஞ்சிருக்குன்னு. அவரு சிரிக்கல. "சரி மாமா, உடம்பைப் பாத்துக்கோங்க"ன்னுட்டு காப்பி கூடக் குடிக்காமக் கெளம்பிட்டாரு. வடிவு கதவைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. சந்தோசத்துலதான்னு நெனச்சேன், எனக்கே கண்ணு கலங்கிட்டு.

ஒரு பொருளு நிக்குமா நிக்காதான்னு கையை எடுத்துப் பாத்தாத்தான அண்ணாச்சி தெரியும்?

ஆல்டர்னேட்டரையும் நான் அப்பிடித்தான் பாப்பேன். அம்பாசிடர் ஓட்டுன காலத்துலயே அதான் வழக்கம். இஞ்சின் ஓடும்போது பேட்டரியில ஒரு டெர்மினலைக் கழட்டிரணும். பேட்டரி தயவு இல்லாம இஞ்சின் ஓடுதுன்னா டைனமோ நல்லாருக்கு. நின்னு போச்சுன்னா டைனமோ அவுட்டு. மீட்டர் வேண்டாம், கீட்டர் வேண்டாம். லாசருகிட்டச் சொன்னா தலையில அடிச்சிக்கிடுதாரு. "வேலு, அந்தக் காலத்து டைனமோ வேற, இது வேற. ஓடிக்கிட்டு இருக்கும்போது பேட்டரியைக் கழட்டுனா கரண்டு போக எடம் இல்லாம எகிறும். உள்ள டயோடு, ரெகுலேட்டரு எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிரும். நல்லாருக்கான்னு பாக்கேன் பாக்கேன்னு நீரேதான்யா கொல்லுதீரு"ன்னு கத்துதாரு. தொழில் தெரிஞ்சவருதான். ஆனா அவரு ரிப்பேர் பாத்தது நிக்கலைன்னா நம்ம மேல பழியைப் போடாம என்ன செய்வாரு? நானும் சிரிச்சுக்கிட்டே வந்துருவேன்.

பாவூர்சத்திரம் வந்துட்டு. எறங்குறவங்க எறங்கட்டும். காலை இப்பிடி வச்சுக்கோங்க.

முதல் ஆல்டர்னேட்டர் சித்திரையில போச்சு. மதுரைக்காரங்க குடும்பத்தோட குற்றாலத்துக்கு வந்தவங்க, மலைப் பாதையில வச்சு வண்டி நின்னுட்டு. அது சரி, தொழில்னா நாலும் இருக்கும். ஆனா அந்த விசயம் எப்பிடியோ ஆலங்குளத்துக்குப் போயிட்டு. சொன்னவன் பரமசிவமாத்தான் இருப்பான். நான் லாசருகிட்டப் புதுசு வாங்கி மாட்டினேன். ஏன்னா வடிவுக்கு வளைகாப்பு வருது. ஒன்பதாம் மாசம். ஆடி பொறந்துட்டா ஒண்ணும் செய்ய மாட்டாங்கன்னு ஆனிக் கடைசியில அவசரமா நாள் குறிச்சாங்க. வளைகாப்பு முடிஞ்சா பிள்ளையை நாங்க கூட்டிட்டு வரணும், தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான. அவளுக்குன்னு முன்னறைக்குப் புதுசாச் சுண்ணாம்பு அடிச்சு, கட்டிலைத் தூக்கி ஜன்னல் பக்கம் போட்டு, தொட்டில் கட்டக் கொக்கி கூட அடிச்சு வச்சிருந்தேன். அவ வரணும், எங்கூட இருக்கணும், எம் பேரப்பிள்ளை எங்க வீட்டுல கண்ணு முழிக்கணும். வேற என்ன ஆசை அண்ணாச்சி எனக்கு? வேற ஒண்ணுமே இல்ல.

அன்னைக்குக் காலையில காரை எப்பிடி ரெடி பண்ணினேன் தெரியுமா! இஞ்சின் பூராத் தண்ணி அடிச்சு, டீசல் ஸ்பிரே பண்ணி, முன்னால மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு. டேஷ்போர்டுல பிள்ளையாரைச் சுத்திச் சீரியல் லைட்டு, பம்பர்ல எக்ஸ்ட்ரா லைட்டு, பின்னால பெரிய ஸ்பீக்கர். தெருவே நின்னு பாத்துச்சு. வளைகாப்பு நல்லபடியா நடந்துச்சு. ஏழு வகைச் சோறு, கை நெறைய வளையல்.

கெளம்புற நேரம் வைகுண்டம் வாசல்ல நின்னுக்கிட்டு, நாலு பேரு முன்னால கேக்காரு. "சம்மந்தக்காரரே, வண்டி டைனமோ அடிக்கடி படுத்துக்கிடுதாமே? வயித்துப் பிள்ளைக்காரிய எப்பிடி இதுல அனுப்புறது? வேற வண்டி சொல்லட்டுமா?"

எப்பிடி இருக்கும் சொல்லுங்க! என் பிள்ளையைக் கூட்டிட்டுப் போக அடுத்தவன் வண்டியா? பானெட்டைத் தொறந்தேன். ஸ்டார்ட் பண்ணினேன். ஸ்பேனரை எடுத்து, எல்லாரும் பாருங்கன்னு சொல்லி, டெர்மினலைக் கழட்டிட்டேன். இஞ்சின் நிக்கல அண்ணாச்சி! லேசா ஒரு இழுப்பு இழுத்துது, அம்புட்டுதான். பேட்டரி இல்லாமலே ஓடுது. "பாத்தீங்களா?"ன்னேன். வைகுண்டம் ரெண்டு எட்டு பின்னால போயிட்டாரு. கூடி நின்ன பொம்பளைங்க கூட அசந்து போயிட்டாங்க. மாப்ளை மட்டும் கிட்ட வந்து, "மாமா, இப்பிடிக் கழட்டலாமா?"ன்னு மெதுவாக் கேட்டாரு. "நீங்க உரத்தைப் பாருங்க மாப்ள, வண்டியை நான் பாத்துக்கிடுதேன்"னு முதுகுல தட்டிட்டு டெர்மினலைத் திரும்ப மாட்டிட்டுக் கெளம்பிட்டேன்.

ஆலங்குளம் எல்லை கூடத் தாண்டல. சிவப்பு லைட்டு எரியுது. பேட்டரி படம் போட்ட லைட்டு, ஸ்டீரிங்குக்கு முன்னால. என் கண்ணை நானே நம்பல. இப்பம்தான டெஸ்ட் பண்ணினோம், எப்பிடி எரியும்? எவன் கண்ணு பட்டுச்சோ! அத்தனை பேரு முன்னால தொறந்து காட்டியிருக்கக் கூடாது, அது ஒண்ணுதான் நான் செஞ்ச தப்பு.

பின்னால வடிவு, அவ அம்மா அன்னத்தாய். ரெண்டு பேர்கிட்டயும் சொல்லல. சொல்லி என்ன ஆகப்போவுது? பேட்டரியில உள்ளதை வச்சு வீடு போய்ச் சேந்துரலாம்னு நெனச்சேன். முதல்ல பாட்டை நிறுத்தினேன். "ஏன்ப்பா நிறுத்திட்டீங்க"ன்னா. தலை வலிக்கு தாயின்னேன். பெறவு ஏசியை அணைச்சேன். "சாரல் காத்து நல்லாருக்கும், கண்ணாடியை எறக்கிக்கோங்க"ன்னேன். எறக்கினாங்க. கொஞ்ச தூரம் போனதும் மழை பிடிச்சுக்கிட்டு. கண்ணாடியை ஏத்துங்கன்னா அது பாதியில நின்னுட்டு, ஏற மாட்டேங்கு. வைப்பரு கெழவன் மாதிரி நகருது. எனக்கு ரோடு தெரியல. பிள்ளையாரு லைட்டு மங்கிட்டு. ஆரன் அடிச்சா ஆட்டுக்குட்டி கத்துற சத்தம் வருது. ஒவ்வொண்ணா அணைஞ்சுக்கிட்டே வருது அண்ணாச்சி. நான் என்ன செய்ய? ரெண்டு கையாலயும் ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டு முருகா முருகாங்கேன். அதைத் தவிர எனக்கு ஒண்ணுமே செய்ய முடியல. வடிவு பின்னால இருந்து, "யப்பா, ஏதோ சிவப்பா எரியுதே"ன்னா. அது எப்பமும் எரியும்மான்னேன்.

அந்தா, அந்தச் செங்கச் சூளை தெரியுதா? ஒத்தப் பனை நிக்கி பாருங்க, அந்த எடந்தான். அங்கன வச்சு வண்டி ரெண்டு குலுக்குக் குலுக்கி நின்னுட்டு. சாவியைத் திருப்புனா டிக்குன்னு ஒரு சத்தம், அதுவும் பெறவு இல்ல. மழைன்னா மழை. கண்ணாடி வழியாச் சாரல் அடிச்சு வடிவு பட்டுச்சேலை நனைஞ்சு ஒட்டிக்கிட்டு. நானும் அன்னத்தாயும் எறங்கித் தள்ளுதோம். டீசல் வண்டி, தள்ளுனா எழுந்துரும்னு ஒரு நம்பிக்கை. எங்க எழும்ப? பேட்டரியில உயிரே இல்ல.

"மாப்ளைக்குப் போனைப் போடுங்க"ன்னு அன்னத்தாய் சொல்லுதா. எப்பிடிப் போட? இப்பம்தான அவுக வாசல்ல வச்சு அத்தனை பேரு முன்னால பீத்திக்கிட்டு வந்திருக்கேன்? பஸ் வரும், கையைக் காட்டி நிறுத்தி ரெண்டு பேரையும் ஏத்திவிடுதேன்னேன். நாலஞ்சு பஸ் போச்சு. ஒருத்தன் நிறுத்தல. வடிவு, "யப்பா, வயித்தை இழுத்துப் பிடிக்குப்பா"ன்னா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவளே போனை எடுத்துப் புருசன்கிட்டப் பேசிட்டா.

நம்புவாரான்னு எனக்கு ஒரு பயம் இருந்துச்சு, சொல்லப் போனா. ஆனா வந்துட்டாரு. கடை லோடு வண்டியை எடுத்துக்கிட்டு, குடையும் போர்வையும் கொண்டுக்கிட்டு வந்தாரு. ஏசுவாருன்னு பாத்தேன். ஏசல. வடிவைப் போர்வையில சுத்தி, தூக்காத குறையா முன்னால உக்கார வச்சாரு. அன்னத்தாயை அவ பக்கத்துல ஏத்தினாரு. பெறவு என்கிட்ட வந்து, "மாமா, நீங்க பின்னால ஏறிக்கோங்க. ஆலங்குளந்தான் பக்கம், நேரா ஆஸ்பத்திரிக்குப் போவோம். காரை நாளைக்குப் பாத்துக்கிடலாம்"னாரு.

எப்பிடி ஏற? புதுசா மாட்டுன ஸ்பீக்கர், லைட்டு, எல்லாம் கெடக்கு. கதவுக் கண்ணாடி வேற ஏற மாட்டேங்கு. நடுரோட்டுல அப்பிடியே விட்டுட்டுப் போனா ஒரு நட்டு மிஞ்சுமா? நீங்க போங்க மாப்ள, நான் ஆளைப் பிடிச்சு வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் பின்னாலயே வாரேன்னேன். வடிவு கதவைத் தொறந்து தலையை நீட்டி, "யப்பா, ஏறுங்கப்பா. எனக்குப் பயமாருக்குப்பா"ன்னா. நீ போ தாயி, பின்னாலயே வாரேன்னேன்.

பின்னாலயேதான் வந்துக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி. இன்னும் போய்ச் சேரல.

அன்னைக்கு ஒண்ணும் ஆகல, சும்மா வலிதான், குளுரு பிடிச்சிருக்குன்னு டாக்டரம்மா சொல்லி அனுப்பிட்டாங்க. ஆனா திரும்ப என் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. வளையல் போட்டுக் கெளம்புனவ பாதி வழியில திரும்பிட்டா, பிள்ளை பொறக்குற வரைக்கும் மறுபடி படி தாண்டக் கூடாதுன்னு சம்மந்தியம்மா சொல்லிட்டாங்களாம். எங்க பக்கம் அப்பிடி ஒரு வழக்கம் உண்டு, இல்லைங்கல. ஆனா எந்த வழக்கத்துலயாவது தலைப்பிரசவம் மாமியார் வீட்டுல நடந்திருக்கா? அன்னத்தாயும் அங்கயே தங்கிட்டா. மழையில என்னைய ஒத்தையில விட்டுட்டுப் போனாங்க பாருங்க, அன்னையில இருந்து நான் ஒத்தைதான். நானே பொங்கி நானே திங்கேன்.

ஆவணியில ஆம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. போன்ல சொன்னாங்க. வண்டி அப்பம் லாசருகிட்ட இருக்கு. பஸ்ல வாங்கன்னு அன்னத்தாய் அழுதா. மாப்ளை வீட்டு வாசல்ல நான் பஸ்ஸை விட்டு எறங்கி நடந்து போகவா? வைகுண்டம் என்ன நெனைப்பாரு? காருல போய் எறங்கணும், தாயையும் பிள்ளையையும் அதுல உக்கார வச்சு, அன்னைக்கு விட்ட பயணத்தை முடிக்கணும். அதான் ஒரே வைராக்கியம். லாசரு ரிப்பேர் பாத்துக் குடுத்தாரு. பேர் வைக்க நாள் குறிச்சாச்சு. கழுவிக் குளிப்பாட்டி, மாலை போட்டு, வெள்ளி அரைஞாணும் வாங்கி வச்சாச்சு. கெளம்புறதுக்கு முன்னால, இந்தத் தடவை பாதி வழியில கழுத்தறுக்கக் கூடாதுன்னு, நல்லா டெஸ்ட் பண்ணிட்டே போவோம்னு டெர்மினலைக் கழட்டினேன்.

ஆமா. சிவப்பு லைட்டு.

அப்பிடிப் பாக்காதீங்க அண்ணாச்சி. கழட்டலைன்னா வழியில போயிருக்கும், அதுக்கு இது மேலுல்லா? வாசல்லயே சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்துட்டேன். பேரு வச்சுட்டாங்க. வைகுண்டம் அப்பா பேரைத்தான் வச்சாங்களாம், எங்க பக்கத்துப் பேரைச் சொல்ல ஆளு இல்ல. மாலை சாயங்காலம் வரைக்கும் காருலயே கெடந்து வாடிட்டு.

வடிவு போனைப் போடுவா. "காரு வேண்டாம்ப்பா, நீங்க வாங்கப்பா"ம்பா. அவுக சொல்லிக் குடுத்து பேசுதா, எனக்குத் தெரியாதா? எம் பிள்ளையா இருந்தா யப்பா காரைக் கொண்டாங்க, நான் வாரேம்பா. போன வாரம் பேசும்போது, அவன் கவுந்துட்டான்ப்பான்னா. ஒரு பக்கமா உருண்டு தலையைத் தூக்கிப் பாக்கானாம். போன்ல படம் அனுப்பட்டுமான்னா. வேண்டாம் தாயி, நான் நேர்ல வந்து பாத்துக்கிடுதேன்னேன்.

ஆலங்குளம் வந்துட்டு அண்ணாச்சி. இங்க கொஞ்ச நேரம் நிப்பாட்டுவான், டிரைவர் டீ குடிக்க எறங்குவாரு. அந்தப் பக்கம் பாருங்க, பச்சை போர்டு, உரக்கடை. அதேதான். கடைக்குப் பின்னாலதான் வீடு. பிள்ளை பொறந்த இந்த மூணு மாசத்துல இந்த வழியா இதுக்காகவே நாலு தரம் போயிட்டு வந்துட்டேன்.

எறங்கவா? கையில இதைத் தூக்கிக்கிட்டா? பேரப்பிள்ளையை முதல் முதல்ல பாக்கப் போறவன் கிரீஸும் கையுமா எப்பிடிப் போவான்?

என்னது? நீங்க கொண்டுபோய்க் குடுத்துருவீங்களா? லாசரு கடையிலயா? ஜங்ஷன்லதான் எறங்குதீங்களோ. பெரிய மனசு அண்ணாச்சி உங்களுக்கு. இல்ல, வேண்டாம், கனம். அதுக்கில்ல. கனத்துக்கில்ல. எப்பிடிச் சொல்ல? அந்த மாப்ளை ஒரு வார்த்தை ஏசிட்டாருன்னா நான் எறங்கிருவேன். ஏன்யா அன்னைக்கு ஏறலன்னு சட்டையைப் பிடிச்சுக் கேட்டாருன்னா நானும் நாலு பேச்சுப் பேசி, அழுது, உள்ள போய் உக்காந்துருவேன். கேக்க மாட்டாரு. வாங்க மாமாம்பாரு. நாற்காலி எடுத்துப் போடுவாரு. அந்த நாற்காலியில என்னால உக்கார முடியாது. எறங்கணும்னுதான் இருக்கு, மனசு கெடந்து அடிச்சிக்கிடுது. காலு வர மாட்டேங்கு.

நீங்க கொஞ்சம் முன்னால சாஞ்சுக்கோங்க அண்ணாச்சி. அன்னத்தாய் வெளிய வந்துட்டா. என்னையப் பாத்துருவா. தோள்ல போட்டிருக்காளே, அதானா? நான் பாக்கல. நான் தலையைக் குனிஞ்சுக்கிடுதேன், நீங்க பாருங்க. முழிச்சிருக்கானா? முடி நெறைய இருக்கா? வேண்டாம், வேண்டாம், சொல்லாதீங்க. ஒண்ணும் சொல்லாதீங்க. நான் வந்து பாத்துக்கிடுதேன்.

விசிலு அடிச்சிட்டாரு. நகருது.

என்ன சிரிக்கீங்க? பிள்ளை கையைப் பிடிச்சு டாட்டா காட்டுதாளா? எனக்கு இல்ல, நான் உள்ள இருக்கது அவளுக்குத் தெரியாது. பஸ்ஸைக் காட்டி வெளையாட்டுக் காட்டுதா. எல்லா பஸ்ஸுக்கும் காட்டுவாளா இருக்கும்.

நீங்க பதிலுக்குக் கையை ஆட்டிருங்க அண்ணாச்சி, ஏமாந்து போயிருவான். எனக்குக் கை ஒழியல.